தூங்குகிறவன் ஓட்டு

சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த அறைக்கு ஜனநாயகத்தைக் கொண்டுவந்தவனே வனமாமலைதான். நாங்குநேரிக்காரன். என்ன குழம்பு வைப்பது என்று தினமும் மல்லுக்கு நின்றவர்களை, "கையத் தூக்குங்கல, எது ஜாஸ்தியோ அது" என்று அடக்கினான். முடிவைக் காலண்டரின் பின்பக்கம் எழுதுவதும் அவனே. ஆள் அவ்வளவு பெருமையாகத் திரிந்தான், பாவம்.

2005 தொடக்கத்தில், ஐவரில் ஒருவன் காலி செய்த இடத்துக்குத் தாவீது பழைய டிவி ஒன்றோடு வந்து சேர்ந்தான். அவனுக்கும் மற்ற மூவருக்கும் மதிய ஷிப்ட், வனமாமலைக்கு மட்டும் இரவு. காலை ஏழுக்கு வந்து படுத்தால் ஒன்பதுக்கு டிவி அலறும். மெஷின் முன்னால் இரண்டு தரம் தூங்கி விழுந்துவிட்டான். மூன்றாவது தரம் பார்த்தால் பர்மனென்ட் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று.

ஒரு மதியம் எழுந்து காலண்டரைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'காலையில் டிவி ஓடலாம். ஐந்துக்கு ஐந்து.'

"நான் எப்பல கை தூக்குனேன்?"

"தூக்கினுதான் இருந்த மச்சி. நாலு பேரும் பாத்தோம்" என்றான் தாவீது.

கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே கம்பியைப் பிடித்துத் தூங்கிப் பழகிய உடம்பு. படுத்தாலும் வலது கை தானாக மேலே போய்ச் சுவரில் சாய்ந்துகொள்ளும். அதைப் போய் எண்ணியிருக்கிறார்கள், கடன்காரப் பயல்கள்.

"தூங்குதவன் ஓட்ட எண்ணுததுக்குப் பேரு ஜனநாயகமால?"

"கை தூக்குனா ஓட்டுன்னு சட்டம் போட்டது நீ. முழிச்சிக்கினு தூக்கணும்னு எழுதினியா இன்னா?"

எழுதவில்லைதான். வனமாமலை அன்றிரவு ஷிப்டுக்குப் போனான்.

மறுநாள் காலை வந்தபோது நால்வரும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் அறை நடுவில் நின்று, "காலையில டிவி வேண்டாம்ங்குதவங்க கையத் தூக்குங்க" என்று காதோடு காதாகச் சொல்லி, தன் கையைத் தூக்கினான். எதிர்ப்பவர்களையும் முறையாகக் கேட்டான். நால்வரில் மாரிராஜ் மட்டும் புரண்டு படுத்தான். வனமாமலை காலண்டரில் 'காலையில் டிவி கிடையாது. ஒன்றுக்குப் பூஜ்யம்' என்று எழுதிவிட்டுப் படுத்தான்.

அன்று நடந்த சண்டையில் வீட்டுக்காரரே மாடியேறி வந்துவிட்டார். கடைசியில் மாரிராஜ்தான் வழி சொன்னான்.

"இனிமே அஞ்சு பேரும் முழிச்சிருந்தாத்தான் ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் கடைசியா எழுதுனதுதான் சட்டம்."

ஐந்து கைகளும் உயர்ந்தன. கடைசியாக எழுதியது எது என்று அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை, வனமாமலையைத் தவிர.

அதற்குப் பிறகு 'ஓட்டெடுப்பு' என்று யார் வாயெடுத்தாலும் அவன் இருந்த இடத்திலேயே சாய்ந்து கண்ணை மூடிவிடுவான். காலையில் டிவி ஓடவில்லை. அவனும் மெஷின் முன்னால் தூங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் தாவீது மறுபடியும் ஆரம்பித்தான். வனமாமலை வழக்கம்போல் விழுந்தான். அப்போது தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். தாவீது பிரித்துப் படித்துவிட்டுக் குனிந்தான்.

"மச்சி, உன் பர்மனென்ட் லெட்டர் வந்துகீது. கண்ணத் தொறந்து பாரு."

மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது. கண் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கை மட்டும் மெதுவாக இறங்கி, கடிதத்துக்காக நீண்டது.