கருப்பையா மகளின் சத்தியக்கடதாசி

படிவம் நிரப்புகிற தொழிலில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும். நான் அந்த விதியை ஒருநாளும் மதித்ததில்லை. நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் எழுதிவிட்டுத்தான் மறுவேலை. முதலாவது, இலங்கையில் மலையகத்தாரின் குடியுரிமையைப் பறித்தார்கள். இரண்டாவது, எங்களைக் கேளாமலே இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு பிரித்தன. மூன்றாவது, நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களுக்குத் தீ வைத்தார்கள். நான்காவது, உயிருக்குப் பயந்து கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனவர்களை முகாமில் வைத்து அகதி என்று பெயரிட்டார்கள். ஐந்தாவதுதான் என் மேசைக்கு வருகிறது: அந்த முகாமில் பிறந்து, பிளஸ் டூ தேறி, இங்கே திரும்பிய பிள்ளை பல்கலைக்கழகம் போகக் கேட்டால், நீ யார் என்கிறார்கள்.

மேசை இருப்பது கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நஸீர் நானாவின் போட்டோ கொப்பிக் கடையில். அரசாங்கக் கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல.

காலிக் கட்டம்

இந்தத் தடவை அப்படி என் மேசைக்கு வந்த பிள்ளை நிவேதா; அவள் அம்மா கலஹாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். அப்பா கருப்பையா என் பழைய தோழன், முகாமிலேயே செத்துப்போனான். பல்கலைக்கழக விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள், குடியுரிமைக்கு விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டுத் துண்டையாவது அவள் காட்ட வேண்டும்.

குடியுரிமைப் படிவத்தில் ‘நாட்டை விட்டு வெளியேறிய திகதி’ என்று ஒரு கட்டம். வெளியேறியவன் அப்பன், இவள் அங்கேயே பிறந்தவள். ‘பொருந்தாது’ என்று எழுதினேன். கந்தோர்க் கவுண்டரில் இருந்த தங்கச்சி அதைத் திருப்பித் தள்ளினாள். அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நீங்க சொல்றது நியாயந்தான் ஐயா. பிறக்கிறதுக்கு முந்தி ஒரு திகதியப் போட்டுக் கொண்டாங்க. கட்டம் காலியா இருந்தா கம்பியூட்டர் எடுக்காது.”

பத்து வருடம் தெரிந்தவர்கள்

அப்பன் நாட்டை விட்டுப் போன திகதியைப் போட்டோம். பிறக்குமுன்பே ஓடிப்போன பிள்ளையாக அவள் பதிவானாள்.

அடுத்தது சத்தியக்கடதாசி, அவள் யாரென்று சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். இரத்த உறவில்லாத இரண்டு சாட்சிகள் வேண்டும். அவளைப் பத்து வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வந்து மூன்று வருடம். பத்து வருடம் தெரிந்தவர்கள் எல்லோரும் இன்னும் முகாமில் இருக்கிறார்கள். கிராம சேவகரிடம் போனோம். நல்ல மனிதர், தேத்தண்ணீரெல்லாம் கொடுத்தார். “ஏழு வருசம் பொறுத்து வாங்க, நானே கையெழுத்து வைக்கிறேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் நிவேதா படிவத்தைக் கண்ணருகே பிடித்து வாசித்துக்கொண்டு வந்தாள். நூற்றுக்கணக்கில் நிரப்பிய நான் ஒருநாளும் பார்க்காத சின்ன எழுத்து அது. “ ‘விண்ணப்பதாரரை அல்லது பெற்றோரை’த் தெரிஞ்சிருக்கணும்னு போட்டிருக்குங்க ஐயா.”

ஆறு பக்கம்

கருப்பையாவை எனக்குத் தெரியும். நஸீர் நானாவுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் நாங்கள் போராட்ட நோட்டீஸ் ஒட்டப் பசை காய்ச்சியது, நானா அப்போது திகனவில் வைத்திருந்த கடையின் கோதுமை மாவில்தான்.

சாட்சிகள் கிடைத்த உற்சாகத்தில் சத்தியக்கடதாசியை நானே எழுதினேன். ஆறு பக்கம், அநியாயங்கள் ஐந்தும் வரிசைப்படி. வியாழக்கிழமை, அதை உறுதிப்படுத்த வேண்டிய சமாதான நீதவானான ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒரு வரி விடாமல் வாசித்தார். தமிழ் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, பிள்ளையின் பெயர் எங்கே என்று கேட்டார்.

ஆறு பக்கத்தையும் புரட்டினேன். இல்லை. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த நானாதான் சொன்னார்: “ஒங்கட பேரு மூணு எடத்துல ஈக்குது, தோழர்.”

ஒரு பக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஒரே பக்கத்தோடு போனோம், எழுதியது நிவேதா. கையெழுத்து வைக்குமுன் சாட்சிகள் கேட்க வாசிப்பது முறை. நீதவான், அவளையே வாசிக்கச் சொன்னார். தேசியக் கொடி ஏற்றும்போதுகூட எழும்பாத நான் எழுந்து நின்றேன்; நானாவும் நின்றார்.

நாற்பது வருடம் நான் மேடை போட்டு வாசித்த அநியாயங்களில் ஒன்றையும் எந்தக் கந்தோரும் கையில் வாங்கியதில்லை; அன்று பன்னிரண்டு மணிக்குள் துண்டு வாங்கித் தந்தது, சாட்சிகள் முன் அவள் குரல் நடுங்காமல் வாசித்த முதல் வரிதான்: “நான், கருப்பையா நிவேதா.”