அடியில் தங்க மறுத்த உப்பும் கரைந்துபோன மயில்துத்தமும்

கெமிஸ்ட்ரி வாத்தியார் வேலை என்பது, கண்ணுக்குத் தெரியாத அணுவை நம்பச் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற பீக்கருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பது. சாக்பீஸ் தூளைத் தின்றே காலம் தள்ளிய சக வாத்தியார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். வேலை டெம்பரரி. பர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் கும்பகோணத்தில் தாய்வீட்டில் இருந்த என் மனைவியும், நான் சரியாகத் தூக்கிக்கூடப் பார்த்திராத மகளும் என்னிடம் வர முடியும். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதை முடிவு செய்வார் என்றார்கள். அன்று நான் நடத்த வேண்டிய பாடம் பூரிதக் கரைசல். தண்ணீர் ஓர் அளவு வரைக்கும்தான் உப்பையோ சர்க்கரையோ ஏற்றுக்கொள்ளும், அதற்கு மேல் போட்டால் அப்படியே அடியில் தங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக்கொடுப்பதற்குள் என் பிராணன் போய்விட்டது.

சர்க்கரைத் தண்ணீர்

சர்க்கரைக்கு ரேஷன் இருந்த நேரம். அறையில் என்னோடு தங்கியிருந்த கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமல் டப்பாவோடு சர்க்கரையை எடுத்துப்போய், என் காப்பி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கிக் காட்டினேன். பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்த்தார்கள். ஆஹா, அறிவுப் பசி என்று பூரித்துப்போனேன்.

தலைமையாசிரியர் கூப்பிட்டார் என்று போய்விட்டுத் திரும்பினால் டம்ளர் காலி. அடியில் தங்கியிருந்ததையும் விரல் விட்டு வழித்திருந்தார்கள். யார் குடித்தது என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாளைக்கும் இதே பாடந்தானுங்களா சார்?"

வீட்டுப் பாடம்

இனி சர்க்கரையே வேண்டாம் என்று, உப்பை வைத்து வீட்டில் செய்து பார்த்து வரச் சொன்னேன். எந்தப் பாத்திரத்தில் என்று சொல்லாமல் விட்டது என் புத்திசாலித்தனம். ஒருவன் குடிதண்ணீர்ப் பானையிலேயே ஆரம்பித்துவிட்டான். எவ்வளவு போட்டும் அடியில் தங்கவில்லை. வீட்டு உப்பு தீர்ந்ததும் பக்கத்து குவார்ட்டர்ஸிலும் வாங்கிப் போட்டிருக்கிறான்.

மறுநாள் அவனுடைய அப்பா வந்தார். சுரங்கத்தில் மிஷின் ஓட்டுகிறவர். நல்ல ஆகிருதி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார், இன்ஸ்பெக்டர் வருகிற சமயத்தில் என் மேல் ஒரு புகார் என்று பயந்துபோனேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு ரொம்பப் பணிவாகச் சொன்னார்.

"ஷிஃப்ட் முடிஞ்சி வந்து ஒரு சொம்பு மொண்டு அப்பிடியே அண்ணாந்து ஊத்திக்கினேங்க சார். இனிமே என் வயித்துல அடியில தங்குதா இல்லியான்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

கலியபெருமாளின் கைங்கரியம்

இன்ஸ்பெக்டரை அசத்த வேண்டும் என்று காப்பர் சல்ஃபேட் என்கிற மயில்துத்தத்தில் ஒரு பீக்கர் நிறையப் பூரிதக் கரைசல் செய்து, சின்னப் படிகம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். கரைந்திருப்பதில் கூடுதலாக உள்ளது படிகத்தின் மேல் ஒட்டும். அது நீல நிறத்தில் மணிபோல வளரும். ஆனால் நான் வைத்த படிகம் நாளுக்கு நாள் இளைத்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் பார்த்தால் வெறும் நூல்.

எங்கள் லேப் அட்டெண்டர் கலியபெருமாள் தங்கமான மனிதர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம், அதற்கு ஈடாகக் கிடைத்த வேலை. அவர் பர்மனென்ட், நான் டெம்பரரி. பீக்கரைத் தொட்டீர்களா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தண்ணி கொறஞ்சிக்கினே போச்சுங்க சார். நாளைக்குப் பெரியவங்க வந்து பார்த்தா உங்களத்தான கேப்பாங்க? அதான் தெனம் விளிம்பு வரைக்கும் ரொப்பிக்கினு வந்தேன்."

இன்ஸ்பெக்டர்

வந்தவர் நேராக அந்த பீக்கரிடம்தான் போனார். இது என்ன, வெறும் நூல் தொங்குகிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், தினமும் அந்த பீக்கரை எட்டிப் பார்த்துப் போகும் வசந்தா என்ற பெண் தானாக எழுந்து நின்றாள். படிகம் இருந்தது, கரைந்துவிட்டது, தண்ணீர் ஊற்றியதால் கரைசல் பூரிதமாக இல்லை, பூரிதமாக இருந்திருந்தால் கரைந்திருக்காது என்று கடகடவென்று ஒப்பித்தாள். நான் நடத்தியபோது ஒருநாளும் இப்படிச் சொன்னவள் இல்லை.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். வாசலில் நின்ற கலியபெருமாளின் முகம் வெளுத்துவிட்டது. மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான்தான், ஏதோ ஞாபகத்தில் ஊற்றிவிட்டேன் என்றேன். கலியபெருமாள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து, "சார் பொய் சொல்றாருங்க, ஊத்துனது நானு" என்றார். போச்சு, என் மகள் கும்பகோணத்திலேயே வளர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"பாடம் நடத்தத் தெரிந்திருக்கிறது, பொய் சொல்லத்தான் தெரியவில்லை. பர்மனென்ட் செய்யலாம்."

அதன் பிறகு எத்தனையோ சோதனைகளைப் பிசகில்லாமல் செய்து காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்ததும் எனக்குக் குவார்ட்டர்ஸ் வாங்கித் தந்ததும் கெட்டுப்போன அந்த ஒன்றுதான்.