என் மனைவி கண்டுபிடித்த ஒரே சொல்

என் மனைவிக்கு வேலை, செத்துப்போன மொழிக்குச் சொல் தேடுவது. கெல்டிக் மக்களின் ஆதிமொழி அது. யாரும் எழுதி வைக்கவில்லை. அதன் வாரிசுகளான ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் சொற்களை அருகருகே வைத்து, தாய்ச்சொல் இப்படி இருந்திருக்கும் என்பாள். அண்ணன் தம்பி மூக்கைப் பார்த்து அப்பன் மூக்கைச் சொல்கிற கதைதான். வண்டிப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் எங்கே புரிய? ஆனால் யாராவது கிண்டல் செய்தால் சும்மா விடமாட்டேன்.

அவளாகக் கண்டுபிடித்தது ஒரே ஒரு சொல். அணையாமல் இருக்கச் சாம்பலுக்குள் மூடி வைக்கிற நெருப்புக்கான சொல். மாணவியாக இருந்தபோது ஆய்வேட்டில் எழுதினாள். இப்போது பெரிய அகராதி ஒன்று அச்சுக்குப் போகிறது. அந்தச் சொல்லுக்குக் கீழே அவள் பெயர் வரும். இத்தனை வருடம் அந்தத் துறையில் அவளை ஒரு ஆளாக மதித்தவர் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர்களைக்கூட விடவில்லை, சொல்லித்தான் அனுப்பினேன்.

கடைசிச் சரிபார்ப்பை அவளே செய்தபோது வந்தது வினை. அந்தச் சொல்லுக்கு அகராதி காட்டிய ஆதாரம் மூன்று புத்தகங்கள். முதலாவது இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது கைகாட்டியது இவளுடைய ஆய்வேட்டையே! அதில் இருந்த வெல்ஷ் சொல் வேறு வம்சம் என்று பிற்பாடு தெரிந்துவிட்டது. மிச்சம் ஒரு பிரெட்டன் சொல். ஒற்றை மூக்கை வைத்து அப்பனைச் சொல்ல முடியாதாம்.

"இது யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்கு மட்டும்தான்."

"அப்புறம் என்ன? அந்த மொழி பேசினவன் எழுந்து வந்து சண்டை போடப்போறானா? பேசாம இரும்மா."

அவள் பதிப்பாசிரியருக்குப் போன் போட்டாள். "அப்படின்னா உங்க பேரு புத்தகத்துல எங்கயுமே வராதே, பரவாயில்லையா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"எடுத்துடுங்க சார்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். பிழைக்கத் தெரியாதவள் என்று கத்திவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். மத்தியானம் அவளே வந்தாள். பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதாள்.

"பேரு போயிடுச்சேன்னா அழற?"

"பேரு கிடக்குதுங்க. அந்தக் காலத்துல யாரோ ஒரு பொம்பளை அந்த வார்த்தையைச் சொல்லி, பொண்ணுகிட்ட நெருப்பை மூடச் சொல்றான்னு நினைச்சுப்பேன். ரொம்ப வருஷமா பழகின மாதிரி இருக்கும். அப்படிச் சொன்னவ ஒருத்திகூட இல்லைங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது.