துரத்தத் துரத்த ஓடிய நாய்

காப்பகத்திலிருந்து பயந்த சுபாவமுள்ள ஒரு நாயைத் தத்தெடுத்த புதிது. முதியோர் இல்லத்தில் வேலை முடித்துக் களைத்து வந்த நான், கணவருடன் அதைப் பூங்காவுக்குக் கூட்டிச் சென்றேன். சைக்கிள் மணிச் சத்தத்துக்கு மிரண்ட நாய், கழுத்துப்பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு டிராம் பாதைப் பக்கம் ஓடியது. துரத்தத் துரத்த இன்னும் தூரம் போனது.

காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். துரத்தாமல், கூப்பிடாமல் நிலத்தில் உட்காரச் சொன்னார்கள்.

"இஞ்சாருங்கோ, இனி என்னால ஓட ஏலாது. நீங்களும் இருங்கோ" என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஈரப்புல்லில் உட்கார்ந்தேன்.

"உது வராதப்பா" என்றார் அவர்.

நெடுநேரம் கழித்து அது தானாக வந்து என் மடியில் தலையை வைத்தது. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

இப்போது எவ்வளவு களைப்பாக வந்தாலும், கழுத்துப்பட்டியோடு நெஞ்சுப்பட்டியும் பூட்டி, இரண்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.

- ஒரு வாசகி, பீலெஃபெல்ட்