வலப்பக்கத்துப் பொத்தான்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று சில வருடங்கள் ஆன பிறகுதான் நான் கணினி படிக்கப் போனேன். எங்கள் ஊரில் எல்லாம் அந்த ஒழுங்கில்தான் நடக்கும். நல்லூரில் ஒரு வீட்டு முன்னறை, அதில் ஒரேயொரு கணினி, அதன் இடப்பக்கத்தில் ஒரு சரஸ்வதி படம், வேலிக்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர். வகுப்பு நடத்தியவர் கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நாங்கள் அவரை சேர் என்போம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய ஆங்கிலம்.

விசைப்பலகையோடு எனக்கு ஒரு வில்லங்கமும் இருக்கவில்லை. அது இரண்டு கையையும் கூப்பிடும், சாதி பார்க்காது. மௌஸ்தான் வம்பு. நான் இடக்கைக்காரி. சோற்றையும் எழுத்தையும் அம்மா அடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டார். ஊசியும் மண்வெட்டியும் இடக்கையிடமே தங்கிவிட்டன. மௌஸை வலக்கையால் பிடித்தால் அம்புக்குறி வெறிகாரனைப் போலத் திரை முழுக்கத் திரியும். இடப்பக்கம் எடுத்து வைத்தால் சேர் வந்து திருப்பி வைப்பார்.

"பிள்ளை, உதுவும் சரஸ்வதி. சோத்துக்கையாலை தொடும்."

அவரிடம் ஆதாரமும் இருந்தது. அந்தக் காலத்துக் கணினித் திரையில் ஒரு சன்னலை மூடுகிற சின்னப் பெட்டி இடப்பக்க மூலையில் இருக்கும். அதைப் பெரிதாக்குகிற பொத்தான் வலப்பக்க மூலையில். "பாத்தீங்களே? பெருகிற காரியம் வலப்பக்கம், மூடி முடிக்கிற காரியம் இடப்பக்கம். வெள்ளைக்காரனுக்கும் சாத்திரம் தெரியும்." வகுப்பு தலையாட்டியது. நானும் ஆட்டினேன், ஏனென்றால் எனக்கு அங்கே ஒரு தேவை இருந்தது.

புதிதாக வருபவர்களுக்குப் படிப்பிக்க எங்களில் ஒருவரை எடுக்கப் போவதாக சேர் சொல்லியிருந்தார். விசயதசமி கழிந்ததும் சோதனை. பல்கலைக்கழகம் சில புள்ளிகளால் தவறிப்போன எனக்கு அந்தக் கதிரையை விட்டால் வேறு கதிரை இல்லை. வீட்டில் இருந்தால் தேங்காய் திருவலையில்தான் இருக்கவேண்டும்.

விசயதசமியன்று சேர் எங்கள் எல்லோருக்கும் ஏடு தொடக்கினார். குழந்தைகள் அரிசியில் எழுதுவதுபோல நாங்கள் மௌஸைப் பிடித்துத் திரையில் 'அ' கீறவேண்டும். பெண்பிள்ளைகளின் கையைப் பிடிப்பதற்கு அவருடைய மனைவி வந்திருந்தார். மௌஸின் தலையில் சந்தனமும் குங்குமமும். முதலாவது பெடியன் கீறத் தொடங்கியதும் சேர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"நில்லும். எந்தப் பொத்தானை அமத்துறீர்?"

"இடப்பக்கத்தைத்தான், சேர். அதுதானே வேலை செய்யும்."

அத்தனை மாதமும் எல்லோரும் அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தோம், சேரும்தான். சந்தனம் வைத்த பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. நல்ல நாளில் தொடக்கமே இடப்பக்கமா? பூசையை நிறுத்திவிட்டு, கணினிக்குள்ளே எங்கெங்கோ தேடி, பொத்தான்களை இடம் மாற்றும் வசதியைக் கண்டுபிடித்தார். அன்று முதல் வலப்பக்கத்துப் பொத்தானே பிரதான பொத்தான். அதற்கு மேலதிகமாக ஒரு பொட்டும் கிடைத்தது.

சோதனை நாளில் வகுப்பே திண்டாடியது. ஒரு கலியாண அழைப்பிதழைக் கரையும் கும்பமும் போட்டுக் கீறவேண்டும். வலக்கைச் சுட்டுவிரலுக்குக் கீழே இப்போது வேலை செய்யாத பொத்தான். நடுவிரலால் அழுத்தப்போய் ஒருவருக்கும் ஒரு கோடு நேராக வரவில்லை. முறை வரும்வரை பயத்தில் கணினியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். பொத்தான் மாற்றும் அந்த வசதி இடக்கைக்காரருக்காக வைக்கப்பட்டது என்று அதில் போட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை ஒருநாளும் காணாத யாரோ ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்து என் கையை நினைத்திருக்கிறார்.

என் முறை வந்ததும் மௌஸை இடப்பக்கம் இழுத்தேன். சுட்டுவிரல் நேரே போய்ப் பொட்டில் இருந்தது. ஒரே மூச்சில் கீறி முடித்தேன்.

சேர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கையைப் பார்க்கவில்லை. "இதென்ன அதிசயம், பிள்ளை?"

பேசாமல் இருந்தால் அவர் அதைச் சரஸ்வதியின் அருள் என்றே எடுத்திருப்பார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அதிசயம் இல்லை, சேர். நீங்கள் மாத்தி வச்சது இடக்கைக்காரருக்கெண்டு செய்த வசதி." புத்தகத்தை நீட்டினேன்.

அவர் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். பிறகு பொத்தான்களைப் பழையபடி மாற்றினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நாளைக்கு எட்டு மணிக்குப் படிப்பிக்க வாரும்," என்றார். "நீர் கதிரையிலை இருக்கேக்கை பொத்தானை மாத்தும். எழும்பேக்கை திருப்பி விட்டிட்டு எழும்பும். நான் விசயதசமிக்குச் செய்ததை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

அடுத்த நாள் காலை போனபோது, கணினிக்கு இடப்பக்கத்தில் எப்போதும் இருக்கும் சரஸ்வதி படம் அங்கே இல்லை. சேர் அதை வலப்பக்கம் நகர்த்தியிருந்தார். என் கைக்கு இடம் விடவா, என் கை படாமல் சரஸ்வதியைக் காப்பாற்றவா என்று நான் கேட்கவில்லை. மௌஸை அந்த வெறும் இடத்தில் வைத்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.