பொனிரா கொடுக்காத கந்தூரி

புருஷன் செத்துப்போன செய்தி பொனிராவுக்குச் சந்தையில், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் பக்கத்து ஊர் விர்யோ. கடல் தாண்டி சுமத்ராவில், டெலிப் புகையிலைத் தோட்டத்தில், அவள் புருஷன் தசிமினோடு ஒரே கொட்டகையில் படுத்துக் கிடந்தவன். ஒப்பந்தம் முடிந்து அந்த வாரம்தான் கப்பல் இறங்கியிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“மதினி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அண்ணன் போய்ச் சேந்துட்டாரு. வயித்துப்போக்கு. மூணு நாள்தான் கெடந்தாரு. செவ்வாய்க்கிழமை, அஞ்சு நாளுக்கு ஒருக்கா வர்ற க்ளிவோன் சந்தை அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி.”

தசிமினின் தோல் கச்சையை அவள் கையில் கொடுத்தான். கொக்கி உடைந்த இடத்தில் அவளே முறுக்கிக் கட்டிய கம்பி அப்படியே இருந்தது.

பொனிரா அழவில்லை. அழுதிருந்தால் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும்.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல மதினி. மொதல்ல உங்ககிட்டதான்.”

“அப்ப என்னோடயே இருக்கட்டும். உன் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணு.”

விர்யோ அவளைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஆனாலும் சத்தியம் செய்தான். அடுத்த மழைக்காலத்தில் டெலியிலிருந்து கொண்டுவந்த இருமலிலேயே அவனும் போனான். கச்சையைப் பொனிரா அன்று மாலையே அடுப்பில் வைத்து எரித்தாள். தோல் எரிகிற நாற்றத்துக்கு என்ன காரணம் என்று மகன் கேட்டதற்கு, பழைய செருப்பு என்றாள். முதல் பொய் அதுதான்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லுமுன் எங்கள் ஊர் வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நெல்வயல் தனியொருவனுக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். மொத்தம் முப்பத்தாறு பங்கு. பங்குக்காரன் உயிரோடு இருக்கும்வரை உழுது சாப்பிடலாம். பதிலுக்கு வாய்க்கால் தூர்வாரவும், பாதைக்கு மண் போடவும், காவல் கொட்டகையில் முறை இருக்கவும் அவன் வீட்டிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும். ஆள் வந்துவிட்டால் போதும், பங்குக்காரன் கடல் கடந்து போயிருந்தாலும் பங்கு அவன் பேரிலேயே நிற்கும். அவன் மவுத்தாகிவிட்டால், கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டிய மகனுக்குப் போகும். அப்படி மகன் இல்லையென்றால், காத்திருப்பவர்களில் முதலில் நிற்பவனுக்குப் போகும். பெண்டாட்டி என்றொருத்தி இந்தப் பேச்சிலேயே வரமாட்டாள். இதை எந்த மகராசன் ஏற்படுத்தினானோ தெரியாது. சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவள் யார் என்று அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

மகன் கஸ்மடிக்கு அப்போது பதினாலு வயது. அவன் கல்யாண வயதை எட்ட இன்னும் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்துக்குத் தசிமின் உயிரோடு இருந்தாக வேண்டும். மகனுக்குக் கல்யாணத்தை முடித்துத் தனி அடுப்பும் மூட்டிவிட்டால், ‘இன்றுதான் சேதி வந்தது’ என்று ஊரைக் கூட்டி அழுதுகொள்ளலாம். பொனிரா போட்ட திட்டம் அவ்வளவுதான்.

தசிமின் போனதும் அந்த வயலுக்காகத்தான். உழவு எருமை செத்துப் போயிருந்தது. மூன்றே வருஷம், திரும்பும்போது ஜோடி எருமையோடு வரலாம் என்று ஆள்பிடிக்க வந்த கங்காணி தேனொழுகப் பேசினான். மூன்றாம் வருஷ முடிவில் சம்பளம் கைக்கு வந்த அன்று, தோட்டத்துக்காரர்களே சூதாட்டப் பாய் விரித்துக் கொடுத்தார்களாம். மறுநாள் காலை தசிமின் வெறுங்கையோடு அடுத்த மூன்று வருஷத்துக்குக் கைநாட்டு வைத்தான்.

எங்களில் ஒருவர் மவுத்தானால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பது, நூறு, வருஷம், கடைசியாக ஆயிரமாம் நாள் என்று கந்தூரிச் சோறு கொடுத்து ஓத வேண்டும். ஓதி அனுப்பாத உயிர் வீட்டைச் சுற்றிக்கொண்டே கிடக்கும். சேதி வந்தபோது மூன்றும் ஏழும் தாண்டிவிட்டன, நாற்பதுக்கு ஒன்பது நாள் இருந்தது. பொனிரா அரிசி இடித்து ஆப்பம் சுட்டாள். வாரத்துக்கு வளர்த்த எருமைக்கன்று வயிற்று நோவிலிருந்து பிழைத்ததற்கு என்று சொல்லி நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். நூறாம் நாள் ஆப்பம் கஸ்மடியின் காய்ச்சல் விட்டதற்கு. ஆயிரமாம் நாளுக்கு ஒரு கோழி அறுத்தாள், கதிர் நன்றாகப் பிடித்ததற்கு என்றாள். பள்ளிவாசல் மோதினாரைக் கூப்பிட்டுத் தசிமின் பேரைச் சொல்லி ஓதச் சொல்ல முடியவில்லை. எல்லாரும் தின்றுவிட்டுப் போனபின் வாசல்படியில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்த அரைகுறை துஆவை அவளே முணுமுணுத்தாள். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நிலைப்படியில் யாரோ குந்தியிருப்பது போலவே அவளுக்குத் தோன்றும். சற்று ஒதுங்கித்தான் போவாள்.

வாய்க்கால் வேலைக்கு ஆம்பிளைகளோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு அவளே போனாள். காவல் முறைக்குப் பக்கத்து வீட்டுக்காரனை அனுப்பி, அவனுக்குச் சோறாக்கிப் போட்டாள். காத்திருப்பவர்களில் முதல் ஆளான சர்பானும் கூலிக்குத் தூர்வார வருவான். அஞ்சு பிள்ளைக்காரன், வாய்த்துடுக்கு அதிகம்.

“என்ன மதினி, அண்ணன் இந்த வருஷமாவது வருவாரா? இல்ல அங்கேயே ஒரு டெலிக்காரிய வச்சுக்கிட்டாரா?”

“வச்சுக்கிட்டா வச்சுக்கட்டும். உன் மூஞ்சியத் தெனம் பாக்குறதுக்கு அவ எவ்வளவோ தேவல.”

“நான் பாவம் மதினி. அவரு வந்தாலும் எனக்கு வயல் இல்ல, வராட்டியும் இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள், பொனிராவும் சிரித்தாள். அந்த வருஷம் அறுப்புக்கு முந்தைய பசிமாசத்தில் சர்பானின் கைக்குழந்தை போனது. பொனிரா ஒரு கூடை அரிசி கொண்டுபோனாள். சர்பானின் பெண்டாட்டி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நியாயமாகப் பார்த்தால் அது சர்பான் வயலின் அரிசி. அது தெரிந்தவள் பொனிரா ஒருத்திதான்.

ஊரை ஏமாற்றியது கூடப் பெரிதில்லை, மகனையும் ஏமாற்ற வேண்டியிருந்தது. பையன் வாயை எப்படிக் கட்டுவது? அதனால் சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு சேதி கொண்டுவந்தாள். ‘உங்கப்பா உன்னைக் கேட்டாராம்.’ ‘மீசை முளைச்சிருச்சான்னு கேட்டாராம்.’ ‘உன் கல்யாணத்துக்குத் தோல்பாவைக் கூத்து வைக்கணும்னு சொன்னாராம்.’ உயிரோடிருந்த காலத்தில் தசிமின் இத்தனை பிரியமாக ஒருநாளும் பேசியதில்லை. ஒன்பது வயதில் விட்டுப்போன அப்பனை, அம்மாவின் வாயால் கேட்டுக்கேட்டே கஸ்மடி உயிருக்குயிராக நேசிக்க ஆரம்பித்தான்.

பதினெட்டு முடிந்ததும் பொனிரா பெண் பார்த்தாள். அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பாய் சுருட்டியபடி கிடந்தது, கஸ்மடியைக் காணோம். அவன் கூட்டாளி வந்து தலையைச் சொறிந்தான்.

“ஆத்தா, அவன் டெலிக்குக் கப்பலேற செமாராங்குக்குப் போயிட்டான். அப்பா இல்லாம மணையில உக்கார மாட்டானாம். ஒம்பது வருஷமா அந்த மனுசன் எனக்காக ஒழைக்கிறாரு, நானே போய்க் கூட்டிட்டு வரேன், கல்யாணம் காத்திருக்கட்டும்னு சொல்லச் சொன்னான்.”

வாரச் சந்தையைத் தாண்டி ஒரு எட்டு வைத்தறியாதவள் பொனிரா. அன்று வெயிலேறுமுன் கிளம்பினாள். ஒன்றரை நாள் நடை. தோளில் கட்டிய துணியில் இலைச்சோறு இருந்தது, அதைப் பிரிக்கக்கூட இல்லை. ஆற்றுத்துறையில் படகுக்காரன், “யாரு ஊட்டுல எழவு, தாயி, இந்த ஓட்டம் ஓடுற?” என்று கேட்டான். நாலு வருஷமாகச் சொல்லாததை அவனிடம்தான் முதலில் சொன்னாள்.

“என் புருஷன் செத்துட்டாரு.”

“எப்ப?”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி.”

படகுக்காரன் துடுப்பு வலித்தான். கிறுக்கி என்று நினைத்திருப்பான்.

செமாராங்கில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூங்கில் வேலி போட்ட பெரிய கிடங்கு. உள்ளே டெலிக்குப் போகிறவர்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் நம்பர் போட்ட தகரம். வாசலில் நின்ற காவலாளி நல்லவன், வேலியோரம் பேச விட்டான். “நாளைக்குக் காலையில துரை வருவாரு. இஷ்டப்பட்டுத்தான் போறியான்னு ஒவ்வொருத்தனையும் கேப்பாரு. இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வெளிய விட்டுருவாங்க. உன் புள்ளகிட்டச் சொல்லு” என்றான்.

கஸ்மடி வேலிக்கு வந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“இவ்வளவு தூரம் நடந்தா வந்த? கால் பாரு, ரத்தம்.”

“கஸ்மடி, உங்கப்பா இல்லடா. செத்து நாலு வருஷமாச்சு. விர்யோ வந்து சொன்னான். வயல் போயிருமேன்னு நான்தான் மறைச்சேன்.”

அவன் முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை.

“என்னை நிறுத்துறதுக்கு நீ என்ன வேணாச் சொல்லுவ. அதுக்காக உசுரோட இருக்குற மனுசனையா சாகடிப்ப?”

“சத்தியமாடா. அந்த அல்லா மேல.”

“விர்யோவைக் கேக்கலாம்னா அவனும் இல்ல. சரி, அப்பா செத்தாருன்னா மூணாம் நாள் எங்க? நாப்பது எங்க? ஆயிரம் எங்க? தெருக்கோடில அந்த நொண்டித் தாத்தா செத்ததுக்கே ஊரே கூடி ஓதுச்சு.”

“குடுத்தேண்டா. அந்தக் கோழி… உனக்குக் காய்ச்சல் விட்டப்போ சுட்ட ஆப்பம்…”

“அது எதுக்குன்னு அப்பவே நீ சொன்னியே.” அவன் வேலிக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டான். “கட்டுன புருஷனை ஓதாம, அந்தரத்துல விட்டுட்டு, நாலு வருஷம் சோறு திங்குற பொம்பள இருப்பாளா? வேற எவளாவது இருந்தாலும் இருப்பா. நீ அப்படிப்பட்டவ இல்லம்மா.”

மறுநாள் துரை கேட்டபோது கஸ்மடி இஷ்டப்பட்டுத்தான் போகிறேன் என்றான். சத்தமாகச் சொன்னதால் வேலிக்கு வெளியிலேயே கேட்டது.

ஊர் திரும்பியவள் நேராக மோதினார் வீட்டுக்குப் போனாள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னும் பத்து வருஷம் அவளால் பங்கைக் காப்பாற்றியிருக்க முடியும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மகன் நம்பக்கூடிய ஒரே சாட்சி கந்தூரிதான். ஊர் கூடி ஓதிவிட்டால் அந்தச் சேதி எப்படியும் கடல் தாண்டி அவன் காதுக்குப் போகும், அதோடு திரும்பிவிடுவான் என்று நம்பினாள்.

“யாருக்கு ஓதணும்?” என்று மோதினார் கேட்டார்.

“தசிமினுக்கு.”

“இன்னாலில்லாஹி… எப்பப் போனாரு?”

“செவ்வாய், க்ளிவோன். போன நோன்போட நாலு வருஷம் முடிஞ்சுது.”

மோதினார் அவளை நிமிர்ந்து பார்த்தார். எருமைக்கன்றுக்கு, காய்ச்சலுக்கு, கதிருக்கு என்று அவள் கொடுத்ததையெல்லாம் அவரும் தின்றிருக்கிறார். “யா அல்லா, பொனிரா” என்று மட்டும் சொன்னார்.

பாய் விரித்து, புகைபோட்டு, தசிமின் பேரைச் சத்தமாகச் சொல்லி ஓதினார்கள். ஊர்த்தலைவர் வந்தார். சர்பானும் வந்தான். செத்துப்போன குழந்தையை அவன் நினைத்திருப்பான், யார்தான் நினைக்கமாட்டார்கள்? ஓதி முடித்து எல்லாரும் இலைப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவனும் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் தலைவர் வந்து, பங்கு இனி சர்பானுக்கு என்று வரப்பில் புது மூங்கில் முளை அடித்தார். சர்பான் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாத்தியார் எழுதிக்கொடுத்த கடிதம், கந்தூரிக்கு வந்தவர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி, டெலிக்குப் போனது. பதில் வர எட்டு மாதம் ஆனது. வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் நின்று படித்தார்.

“அம்மாவுக்கு. உன் கடிதாசி கிடைச்சது. கந்தூரி குடுத்ததும் தெரிஞ்சுது. சர்பான் ஆளுங்க உன்னை மிரட்டித்தானே குடுக்க வச்சாங்க? வயலைப் புடுங்க அவனுக்கு வேற வழி என்ன? நீ பயப்படாத. இங்க ஒரு கிழவர், ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துல நம்ம ஜில்லாக்காரர் தசிமின்னு ஒருத்தர் இருக்காருன்னு சொல்றாரு. அது அப்பாதான். அந்தத் தோட்டத்துக்கு மாத்திக்கக் கேட்டேன், இன்னும் மூணு வருஷம் சேத்துக் கைநாட்டு வச்சாத்தான் விடுவாங்களாம். வச்சுட்டேன். நாங்க ரெண்டு பேரும் வர்ற வரைக்கும் வயலை மட்டும் விட்டுராத.”

வாத்தியார் காகிதத்தை மடித்தார்.

“என்ன எழுதட்டும், பொனிரா?”

பள்ளிக்கூடத்துக்குக் கீழே சர்பானின் வயல் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. அன்று அங்கே அறுப்பு. அஞ்சு கட்டுக்கு ஒரு கட்டு கூலி, வருகிற பெண்கள் எல்லாருக்கும் வேலை உண்டு என்று சர்பானே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“வயல் நல்லா விளைஞ்சிருக்குன்னு எழுதுங்க வாத்தியாரே” என்றாள் பொனிரா. “நான் இன்னிக்கு அறுப்புக்குப் போறேன்னும் எழுதுங்க.”

கொண்டையில் செருகியிருந்த சின்ன அறுப்புக் கத்தியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.