ஸ்பீக்கருக்கும் பொட்டு வச்ச நைனா

பெங்களூருலேர்ந்து சித்தூர் வரைக்கும் புது ஸ்பீக்கர் ரெண்டையும் பஸ்ல மடியிலயே வச்சுக்கினு வந்தேன். நானே செஞ்ச ஆம்ப்ளிஃபயர் வீட்ல இருக்குது. நாலு ஒயர் சால்டர் பண்ணா பாட்டு கேக்கலாம்.

இன்னிக்கி குளிச்சிட்டு வந்து பாத்தா, ஆயுத பூஜை முடிஞ்சிருக்குது. பலகை மேல சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், எல்லாத்துக்கும் பொட்டு. பக்கத்துலயே என் ஸ்பீக்கருங்க.

நைனா கட்டைவிரலால நடுவுல நல்லா அழுத்தி சந்தனம், குங்குமம் வச்சிருக்காரு. நடுவுல உப்பினாப்ல இருக்குற மெல்லிசு மூடி ரெண்டும் அமுங்கி குழி வுழுந்து, குழிக்குள்ள குங்குமம்.

"இன்னா நைனா இது?"

"நீ ஆசையா வாங்கினதாச்சே. அத மட்டும் வுட்டுட முடியுமா?"

சரி, ஒயராவது சால்டர் பண்ணலாம்னு அயர்னை எடுக்கப் போனேன்.

"இன்னிக்கி ஆயுதத்த தொடக்கூடாதுடா. நாளைக்கி எடு."

நாளைக்கி காலையில எனக்கு பெங்களூருல ஷிஃப்ட். இன்னிக்கி சாயந்திரமே பஸ்.

இப்ப தெருமுனை பந்தல்ல மைக்செட் அலறிக்கினு இருக்குது. "உன்னுது இதவிட நல்லா பாடும் பாரு"ன்றாரு நைனா, சந்தோஷமா.

அமுங்கின மூடிய வெளிய எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஒரே கண்டிஷன், பொட்டு அழியக்கூடாது.